அப்பா கேட்பது வேறு, அண்ணா வாதாடுவது வேறு

கேள்வி:

வணக்கம் அக்கா. நாங்கள் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறோம். அப்பாவுக்கு 76 வயது. ஏ.எல்.எஸ். (தசைகளை இயக்கும் நரம்புகள் மெல்ல அழியும் நோய்) வருத்தம் என்று கண்டுபிடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. கைகள் இரண்டும் இயங்காது, பேச்சு குழறுகிறது, சாப்பாடு விழுங்கப் பயப்படுகிறார். புத்தி மட்டும் பழையபடி தெளிவு. போன மாதம் கிளினிக்கில் 'எனக்கு அந்த மெயிட் ஊசி வேண்டும்' என்று டொக்டரிடம் அவரே கேட்டுவிட்டார், அதாவது டொக்டர் உதவியோடு உயிரை முடித்துக்கொள்ளச் சட்டம் தரும் வழியை. பக்கத்தில் இருந்து மொழிபெயர்த்தது நான்தான். அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. ஒட்டாவாவில் இருக்கும் அண்ணா, 'லிபரல்காரன் வயதுபோனவர்களைக் கொன்று காசு மிச்சம் பிடிக்கிறான், நீ அதற்குத் துணை போகிறாய்' என்று போனில் கத்துகிறார். அம்மா இது பாவம் என்று அழுகிறார். அண்ணா கையெழுத்துப் போட மறுத்தால் இது நின்றுவிடுமா? காப்புறுதிக் காசு வராமல் போகுமா? சொந்தக்காரருக்கு என்ன சொல்வது? அண்ணா சொல்வதிலும் ஏதாவது நியாயம் இருக்கிறதோ என்று எனக்கே சந்தேகம் வருகிறது.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நான் ஒரு வைத்தியசாலையின் பாலியேட்டிவ் (கடும் நோயின் வேதனையைத் தணிக்கும்) பிரிவில் சமூகப் பணியாளர். டொக்டரும் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. ஆனால் இந்தச் சட்டத்தோடுதான் என் வேலை நாட்கள் கழிகின்றன. அதனால் முதலில் சட்டம். உங்கள் வீட்டுச் சண்டையில் பாதி அதிலேயே அடங்கிவிடும்.

அண்ணாவின் கையெழுத்து எங்கேயும் தேவையில்லை. உங்களுடையதும், அம்மாவுடையதும்கூடத் தேவையில்லை. கேட்பவர் 18 வயது நிறைந்தவராக, அரச மருத்துவக் காப்புக்கு உரியவராக, தானே முடிவெடுக்கும் தெளிவுள்ளவராக இருக்க வேண்டும். குணமாக்க முடியாத கடும் நோய் இருக்க வேண்டும். வேறு யாரும் வற்புறுத்தாமல் அவராகவே கேட்க வேண்டும். இதையெல்லாம் இரண்டு டொக்டர்கள், அல்லது நேர்ஸ் பிரக்டிஷனர்கள் (கூடுதல் பயிற்சியும் அதிகாரமும் உள்ள தாதிகள்), ஒருவர் மற்றவரில் தங்கியிராமல் தனித்தனியே பார்த்து உறுதி செய்ய வேண்டும். குடும்பத்துக்கு இதில் வாக்கு இல்லை. தடுக்கவும் முடியாது, அப்பாவுக்குப் பதிலாகக் கேட்கவும் முடியாது. பவர் ஒஃப் அட்டர்னி உங்கள் பெயரில் இருந்தாலும் முடியாது. கடைசி நிமிடத்தில்கூட அவர் 'வேண்டாம்' என்றால் அதோடு எல்லாம் நின்றுவிடும்.

உங்கள் அப்பாவுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. கேட்பதை எழுத்தில் கேட்க வேண்டும், அவருக்குக் கை இயங்காது. அப்படியானவர்களுக்காக வேறொருவர், அவர் முன்னிலையில், அவர் சொல்லக் கையெழுத்திடலாம். ஆனால் அந்த ஆள் அப்பாவின் உயிலில் பங்கு பெறுபவராக இருக்கக்கூடாது. சாட்சி ஒருவர் வேண்டும், அவருக்கும் இதே விதி. ஆகவே நீங்களும் அண்ணாவும் இரண்டு இடத்திலும் ஒதுங்க வேண்டியதுதான். சம்பளத்துக்கு வரும் பராமரிப்புப் பணியாளர் (பி.எஸ்.டபிள்யூ.) சாட்சியாக இருக்கலாம், 2021இல் அதற்கு வழிவிட்டார்கள்.

அதோடு, இனி நீங்கள் மொழிபெயர்க்க வேண்டாம். இதை மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். கிளினிக்கில் அன்று நடந்தது தற்செயல், உங்களில் பிழை இல்லை. ஆனால் மெயிட் மதிப்பீட்டில் மகளின் வாய்வழியாக அப்பாவின் விருப்பம் போனால், நாளைக்கு அண்ணா 'அவர் கேட்கவில்லை, நீ சொன்னாய்' என்பார். அதற்குப் பதில் சொல்ல உங்களிடம் எதுவும் இருக்காது. அதைவிட முக்கியமானது, மகள் முன்னால் அப்பா சில விஷயங்களைச் சொல்லமாட்டார். 'பிள்ளைக்குச் சுமையாகிவிட்டேன்' என்பது அதில் முதலாவது. அது ஒரு காரணமாக உள்ளுக்குள் ஓடுகிறதா என்று மதிப்பிடுபவர் தனியாகக் கேட்டே ஆகவேண்டும். வெளி ஆள் ஒருவர், தொழில்முறை உரைபெயர்ப்பாளர், வேண்டும் என்று கேளுங்கள்.

இப்போது அண்ணாவின் அரசியலுக்கு வருவோம்.

அவர் சொல்வதில் கால்வாசி உண்மை. ஆனால் அந்த உண்மை உங்கள் அப்பாவைப் பற்றியதல்ல. சட்டத்தில் இரண்டு பாதைகள் உண்டு: முதலாவது மரணம் அருகில் இருப்பவர்களுக்கு, இரண்டாவது அப்படி இல்லாதவர்களுக்கு. இந்த நாட்டில் மெயிட் பற்றி நடக்கும் பெரிய சண்டை எல்லாம் இரண்டாவது பாதை பற்றியது. உங்கள் அப்பா நிற்பது முதலாவது பாதையில். இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிடுவதால் வரும் குழப்பம் உங்கள் வீட்டில் மட்டுமா, பாராளுமன்றத்திலேயே இருக்கிறது.

இந்தச் சட்டத்தின் வேரே ஏ.எல்.எஸ். நோயாளிகளிடம்தான் இருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவைச் சேர்ந்த சூ றொட்ரிகஸ் இதே நோயோடு உச்ச நீதிமன்றம் வரை போய், 1993இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றார். பின்னர் அதே மாகாணத்தில், அதே நோயோடு குளோரியா டெய்லர் வழக்காடினார். சுவிற்சர்லாந்துக்குப் போய் உயிரை முடித்துக்கொண்ட கே கார்ட்டர் என்ற மூதாட்டியின் குடும்பமும் அதே வழக்கில் சேர்ந்திருந்தது. 2015 பெப்ரவரி 6ஆம் திகதி உச்ச நீதிமன்றம் ஏகமனதாகப் பழைய தடையை நீக்கியது. தீர்ப்பைப் பார்க்க டெய்லர் உயிரோடு இல்லை, 2012இலேயே இறந்துவிட்டார். அண்ணாவிடம் கேளுங்கள்: 2015 பெப்ரவரியில் ஒட்டாவாவில் யார் பிரதமர்? கொன்சர்வேட்டிவ் கட்சியின் ஸ்டீபன் ஹார்ப்பர். லிபரல் கட்சி ஆட்சிக்கு வந்தது அதே வருடத்துக் கடைசியில். 2016 யூனில் அவர்கள் கொண்டுவந்த சி-14 சட்டம் நீதிமன்றம் திறந்த கதவைவிடக் குறுகியது என்றுதான் அப்போது பலர் குறைசொன்னார்கள். இயற்கையான மரணம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் தெரிபவர்களுக்கு மட்டும் என்று எழுதினார்கள். அதுதான் இன்றைய முதலாவது பாதை. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும், உரிமைச் சாசனத்தின் 33ஆம் பிரிவை எடுத்து நீதிமன்றத்தை மீறத் துணிந்தால் ஒழிய, இதை முழுதாக மூட முடியாது.

சண்டை பிறந்தது 2019இல். மூளைவாதம் உள்ள ஷான் ட்ருஷோன், போலியோவின் பின்விளைவோடு வாழ்ந்த நிக்கோல் கிளாடு என்ற இரண்டு கியூபெக்காரர்கள், 'எங்களுக்குச் சாவு பக்கத்தில் இல்லை, வேதனை பக்கத்தில் இருக்கிறது' என்ற விதத்தில் வாதாடி, கியூபெக் உயர் நீதிமன்றத்தில் வென்றார்கள். ஒட்டாவா மேன்முறையீடு செய்யவில்லை. 2021 மார்ச்சில் சி-7 என்ற சட்டம் வந்தது, இரண்டாவது பாதை பிறந்தது. மரணம் அருகில் இல்லாவிட்டாலும், குணமாகாத நோயோ ஊனமோ தாங்க முடியாத துன்பம் தந்தால் கேட்கலாம். மதிப்பீட்டுக்குக் குறைந்தது 90 நாட்கள்.

இங்கேதான் அண்ணாவின் கால்வாசி உண்மை இருக்கிறது. ஒன்ராறியோவில் ஊனமுற்றோருக்கான ஓ.டி.எஸ்.பி. உதவித்தொகை தனியாளுக்கு மாதம் 1,400 டாலரை ஒட்டித்தான். ரொறன்ரோவில் ஒற்றை அறை வீட்டு வாடகைக்கே அது காணாது. 2025இல் மத்திய அரசு ஊனமுற்றோர் கொடுப்பனவு என்று ஒன்றைத் தொடங்கியது. தொடங்கியபோது ஆகக்கூடியது மாதம் 200 டாலர். இந்த நிலையில் ஒருவர் 'வாழ முடியவில்லை, சாக விடுங்கள்' என்று கேட்டால், நோய் கேட்கிறதா வறுமை கேட்கிறதா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. என் மேசைக்கு வரும் இரண்டாவது பாதை விண்ணப்பங்களைப் பார்க்கும்போது எனக்கும் வயிற்றைப் பிசைகிறது. முன்னாள் படையினரிடம் அவர்கள் கேட்காமலே மெயிட் பற்றி ஓர் ஊழியர் பேச்செடுத்ததை 2022இல் படையினர் விவகாரத் திணைக்களமே ஒப்புக்கொண்டது. ஊனமுற்றோர் அமைப்புகள் 2024இல் இந்த இரண்டாவது பாதையை எதிர்த்து வழக்குப் போட்டிருக்கின்றன. 2025இல் ஐ.நா.வின் ஊனமுற்றோர் உரிமைக் குழுவும் இதை நீக்கச் சொன்னது. மனநோய் மட்டும் உள்ளவர்களுக்குத் திறப்பதை இரண்டு மூன்று தரம் தள்ளிப்போட்டு, இப்போது 2027 மார்ச் 17 வரை தள்ளி வைத்திருக்கிறார்கள். அதை ஒரேயடியாக மூட 2023 ஒக்ரோபரில் கொன்சர்வேட்டிவ் உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த சட்டமூலம் 150க்கு 167 என்று தோற்றது. அதற்கு என்.டி.பி. என்ற இடதுசாரிக் கட்சியும் ஆதரவு கொடுத்தது, லிபரல்களிலும் சிலர் கொடுத்தார்கள். நீலம் (கொன்சர்வேட்டிவ்), சிவப்பு (லிபரல்) என்று பிரிகிற விஷயம் இல்லை இது. என்னைக் கேட்டால், உதவித்தொகையும் வீடும் சரியாகும் வரை இரண்டாவது பாதையைத் திறந்திருக்கவே கூடாது. என் கூட வேலை செய்பவர்களில் இதற்கு நேரெதிராக நினைப்பவர்களும் உண்டு, தினமும் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம்.

ஆனால் தங்கச்சி, 2023இல் கனடாவில் மெயிட் மூலம் இறந்த 15,343 பேரில் இரண்டாவது பாதையில் போனவர்கள் 622 பேர். மற்ற எல்லோரும் உங்கள் அப்பாவைப் போல மரணம் தெரிகிற தூரத்தில் இருந்தவர்கள். அண்ணா கொண்டுவருவது அந்த 622 பேருக்கான வாதம். நல்ல வாதம். அதை அவர் தன் எம்.பி.க்கு எழுதட்டும். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துப் பேச வேண்டியதில்லை.

காசு மிச்சம் பிடிக்கிற கதைக்கும் ஒரு மூலம் உண்டு. 2020இல் பாராளுமன்ற வரவுசெலவு அதிகாரி ஒரு கணக்குப் போட்டார். 2021இல் மாகாணங்களின் சுகாதாரச் செலவில் சுமார் 149 மில்லியன் டாலர் குறையும் என்றது அது. கேட்கப் பெரிதாகத்தான் இருக்கும். மாகாணங்களின் மொத்தச் சுகாதாரச் செலவில் அது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதற்காக ஓர் அரசு சட்டம் போடும் என்று நான் நம்பவில்லை. இப்படி ஒரு கணக்கைப் போட்டு வெளியே விட்டது அவலட்சணம் என்பதில் அண்ணாவோடு எனக்கு உடன்பாடு.

சரி, அரசியல் போதும். அப்பாவுக்கு வருவோம்.

அவர் 'ஊசி வேண்டும்' என்றார். எதற்குப் பயந்து கேட்டார் என்று யாராவது கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை என் கண்ணில் பட்டது: விழுங்கப் பயப்படுகிறார். ஏ.எல்.எஸ். உள்ள அநேகரின் கெட்ட கனவு மூச்சுத் திணறிச் சாவது. நல்ல பாலியேட்டிவ் கவனிப்பு கிடைத்தால் அப்படி முடிவது அபூர்வம். மூச்சு முட்டலுக்குச் சிறிய அளவு மோர்பீன் நன்றாக வேலை செய்யும், பதற்றத்துக்கு வேறு மருந்து இருக்கிறது. நம் சனத்துக்கு மோர்பீன் என்றால் 'கதை முடிந்தது' என்று ஒரு நினைப்பு. அதனால் கஷ்டப்படுவது நோயாளிதான். பாலியேட்டிவ் என்றதும் கடைசி வாரம் என்றும் நினைக்க வேண்டாம். அப்பாவை இன்றே அந்தப் பிரிவோடு சேர்க்கலாம், மெயிட் கேட்டிருப்பது அதற்குத் தடையில்லை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். துன்பத்தைக் குறைக்க வேறு என்னென்ன வழி இருக்கிறது என்று அவருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

இன்னொரு வழியும் இருக்கிறது, அம்மாவுக்கும் அண்ணாவுக்கும் அது மனதுக்குக் கொஞ்சம் இலகுவாக இருக்கலாம். வயிற்றில் உணவுக் குழாய் போட வேண்டாம், மூச்சுக்கு மெஷின் வேண்டாம் என்று சொல்லும் உரிமை அப்பாவுக்கு எப்போதும் உண்டு. போட்ட மெஷினை எடுக்கச் சொல்லும் உரிமையும் உண்டு, எடுக்கும்போது மயக்க மருந்து கொடுத்து வேதனை தெரியாமல் பார்ப்பார்கள். 1992இல் கியூபெக் நீதிமன்றம் நான்சி பி. என்று பெயர் மறைத்த இளம் பெண்ணின் வழக்கில், அவரது மூச்சு மெஷினை நிறுத்தலாம் என்று தீர்ப்புச் சொன்னது. மெயிட் வருவதற்கு எத்தனையோ வருடம் முன்னால். இது தற்கொலையும் இல்லை, மெயிட்டும் இல்லை. நோயை அதன் வழிக்கு விடுவது. அப்பாவுக்கு இது போதுமானதாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் இப்படி ஒன்று இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேட்டவர்கள் எல்லோரும் ஊசி போட்டுத்தான் இறக்கிறார்கள் என்றும் இல்லை. 2023இல் வந்த 19,660 கோரிக்கைகளில் 2,906 பேர் அதற்கு முன்னரே இறந்துவிட்டார்கள், 496 பேர் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நான் பார்த்தவர்களில் சிலருக்கு 'ஓம், உங்களுக்குத் தகுதி இருக்கிறது' என்ற கடதாசி கையில் கிடைத்ததும் முகம் மாறியிருக்கிறது. வேண்டுமென்றால் இருக்கிறது என்ற எண்ணமே அவர்களை இன்னும் சில மாதம் நிம்மதியாகச் சாப்பிட வைத்தது. அதனால் மதிப்பீட்டைத் தடுக்கப் பாடுபடாதீர்கள். தகுதி கிடைப்பதும் திகதி குறிப்பதும் வேறு வேறு.

ஒரு எச்சரிக்கை. ஏ.எல்.எஸ். முற்றும்போது மூச்சுக் குறைந்து இரத்தத்தில் கரியமில வாயு கூடினால் புத்தி மங்கலாம். சிலருக்கு நோயே மூளையையும் தொடும். கடைசி நேரச் சம்மதம் கொடுக்கும் தெளிவு போய்விட்டால் என்ன செய்வது? தகுதி உறுதியாகி, திகதியும் குறித்த பின்னர், தெளிவு இருக்கும்போதே, பிறகு தெளிவு போனாலும் ஊசி போடலாம் என்று டொக்டரோடு எழுத்தில் ஓர் ஒப்பந்தம் செய்யலாம். முதலாவது பாதையில் மட்டுமே அதற்கு இடமுண்டு. ஹலிஃபாக்ஸில் ஓட்ரி பார்க்கர் என்ற புற்றுநோயாளி, தெளிவு போய்விடுமோ என்ற பயத்தில் 2018 நவம்பரில் தான் விரும்பியதைவிட முந்தியே போனார். அவரால்தான் இந்த ஏற்பாடு வந்தது. அப்பாவுக்கு இது பற்றி டொக்டர் சொல்வார். நீங்களும் தெரிந்து வைத்திருங்கள், ஆனால் அவசரப்படுத்துவதற்கு இதை எடுக்க வேண்டாம்.

அம்மாவின் பாவக் கணக்குக்கு என்னிடம் மருந்து இல்லை. யாராவது ஒரு பெரியவர் வந்து 'கோப்பெருஞ்சோழன் வடக்கிருக்கவில்லையா' என்று தொடங்குவார், இன்னொருவர் கர்மா முடியாமல் போனால் மறுபிறவி என்பார். இரண்டு பேரையும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். அம்மா ஐம்பது வருடம் கூட வாழ்ந்தவர். அவருடைய அழுகைக்கு முக்கால்வாசி காரணம் சாத்திரமாக இருக்காது. எங்கள் மாதிரிப் பிரிவுகளில் ஆன்மீக ஆலோசகர்கள் இருப்பார்கள், சைவம் தெரிந்தவர் கிடைத்தால் நல்லது. அம்மாவை அப்பாவோடு தனியே இருக்க விடுங்கள், நீங்களும் அண்ணாவும் இல்லாமல். அப்புறம், ஊசி போடும் நாள் என்று ஒன்று வந்தால், அம்மா அறையில் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

காப்புறுதி பற்றிப் பயம் வேண்டாம். ஒன்ராறியோவில் 2017இலிருந்து மெயிட்டைக் காரணம் காட்டிக் கொடுப்பனவை மறுக்க முடியாதபடி சட்டம் இருக்கிறது. மரணச் சான்றிதழிலும் காரணம் ஏ.எல்.எஸ். என்றே வரும், மெயிட் என்ற சொல் இருக்காது. சொந்தக்காரருக்கு என்ன சொல்வது என்பதற்கும் அதுவே பதில்: ஏ.எல்.எஸ். அதில் பொய் எதுவும் இல்லை. இதைப் பேச நம் ஆட்களில் துணை கிடைப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். 2023இல் மெயிட் பெற்றவர்களில் இன அடையாளம் சொன்னவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் வெள்ளையர். உங்கள் தெருவில் இதற்கு முன் யாரும் இந்த வழியால் போயிருக்கமாட்டார்கள்.

அண்ணாவுக்கு என் சார்பில் ஒரு செய்தி சொல்லுங்கள். மரணத் தறுவாயில் உள்ள குடும்பத்தவரைப் பார்க்க வேலைக் காப்புறுதியில் 26 வாரம் வரை கொடுப்பனவு எடுக்கலாம். 26 வாரத்துக்குள் உயிர் போகும் ஆபத்து உண்டு என்று டொக்டர் எழுதித் தந்தால் போதும். சகோதரங்கள் அதைப் பங்குபோட்டும் எடுக்கலாம். அவ்வளவு முற்றாத கட்டத்திலும், கடும் நோயுள்ள பெரியவரைப் பார்க்க வேறொரு 15 வாரம் இருக்கிறது. ஒட்டாவாவிலிருந்து ஸ்காபரோவுக்கு ஐந்து மணிநேரக் கார் ஓட்டம். வந்து ஒரு மாதம் அப்பாவைக் குளிப்பாட்டி, இரவில் திருப்பிப் படுக்க வைத்து, வாயில் வடியும் எச்சிலைத் துடைத்துவிட்டு, அதற்குப் பிறகும் அவர் 'வேண்டாம் அப்பா' என்று சொன்னால், அப்பா அதைக் காதுகொடுத்துக் கேட்பார். அதைக் கேட்டு மனம் மாறினாலும் ஆச்சரியமில்லை. சட்டம் அதைத் தடுக்கவில்லை, வற்புறுத்தலைத்தான் தடுக்கிறது. அரசியல் கோபம் மிச்சமிருந்தால் அதையும் கொண்டுவரட்டும், ஆனால் வேறு விலாசத்துக்கு. அப்பாவுக்கு பி.எஸ்.டபிள்யூ. வாரத்தில் எத்தனை மணிநேரம் வருகிறார் என்பதைத் தீர்மானிப்பது ஒட்டாவா இல்லை, குவீன்ஸ் பார்க், அதாவது ஒன்ராறியோ மாகாண அரசு. எங்கள் வாசல் தட்டி வாக்குக் கேட்கும் எம்.பி.பி.யிடம் (மாகாண சபை உறுப்பினரிடம்) அதைக் கேட்பவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இனி இந்தக் கிழமை செய்ய வேண்டியது. கிளினிக்குக்கு போன் பண்ணி, பாலியேட்டிவ் பிரிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். மதிப்பீட்டு நாளுக்குத் தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று இப்போதே சொல்லி வையுங்கள். பேச்சு குழறுகிறது, வழமையான நேரம் காணாது என்றும் சொல்லுங்கள். பேச்சுச் சிகிச்சையாளரையும் கேளுங்கள். பேச முடியாமல் போகிறவர் தன் கேள்வியையும் முடிவையும் சொல்ல நம்பகமான வழி செய்து கொடுப்பது டொக்டர்களின் கடமை என்று சட்டத்தில் இருக்கிறது. அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் ஆங்கில எழுத்துப் பலகை, கண்ணால் காட்டுவதற்கு. தமிழின் 247 எழுத்தையும் ஒரு பலகையில் அடுக்கினால் அப்பா களைத்துவிடுவார். 'ஓம்', 'இல்லை', 'வலி', 'மூச்சு', 'பயம்', 'இப்போது வேண்டாம்', 'அம்மாவைக் கூப்பிடு' என்று அவருக்குத் தேவையான சொற்களை அவரிடமே கேட்டு, பெரிய எழுத்தில் நீங்களே ஒன்று செய்துவிடுங்கள். பேச்சு முழுதாகப் போவதற்கு முன்னரே அவர் அதைப் பழக வேண்டும்.